சிங்கப்பூரில் சமய நல்லிணக்கமும் தீவிரவாத எதிர்ப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

சிங்கப்பூர், சென்னை மாநகரை விட அளவில் பெரிய, பல சமயத்தவர் நெருங்கி வாழும் தீவு நாடு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2014 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் உலகிலேயே சமயப் பன்மை மிகுந்த நாடாக இது குறிக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் பௌத்தர்கள் 31.1 விழுக்காடு, கிறித்தவர்கள் 18.9 விழுக்காடு, முஸ்லிம்கள் 15.6 விழுக்காடு, தாவோயிசத்தினர் 8.8 விழுக்காடு, இந்துக்கள் 5 விழுக்காடு. எச்சமயத்தையும் சாராதோர் 20 விழுக்காடு. சீக்கியர், யூதர், சமணர், பார்சிகள், பஹாய் சமயத்தவர் ஆகியோர் சிறு எண்ணிக்கையில் உள்ளனர். பெரும்பான்மை என்று சொல்லத்தக்க ஒற்றைச் சமயம் இங்கு இல்லை.

இன்று சமய நல்லிணக்கத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இந்நாடு, சமயத்தின் பெயரால் தெருக்களில் மக்கள் கொல்லப்பட்டதையும் கண்டிருக்கிறது. அக்கலவரங்களுக்குப் பிறகு சட்டம், குடியிருப்புக் கொள்கை, சமயத் தலைவர்களின் உழைப்பு ஆகியவற்றின் துணையோடு நல்லிணக்கம் படிப்படியாகக் கட்டப்பட்டது. அதற்காகச் சில உரிமைகளும் விட்டுக்கொடுக்கப்பட்டன. இந்த வரலாறு தமிழர்களோடும் நெருங்கிய தொடர்புடையது.

அருகருகே அமைந்த வழிபாட்டிடங்கள்

1819 இல் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தளத்தை நிறுவினார். அதன் பின் சீனர், மலாய்க்காரர், தமிழர், அரபியர், ஐரோப்பியர் எனப் பலரும் வந்து குடியேறினர். 1822 இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டம் ஒவ்வோர் இனத்தாருக்கும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியது. ஆனால் வழிபாட்டிடங்கள் அந்த எல்லைக்குள் அடங்கவில்லை.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூரில் சூலியாக்கள் எனப்பட்டனர். அவர்கள் 1826 இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை அமைத்தனர். அடுத்த ஆண்டே, ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை அதே சாலையில் மாரியம்மன் கோயிலைத் தொடங்கினார். இரண்டுக்கும் இடையே சிறு தொலைவே உண்டு. கோயிலை ஒட்டிய தெருவுக்கு அதன் கோபுரத்தை வைத்தே பகோடா தெரு என்ற பெயர் வந்தது. பள்ளிவாசலை ஒட்டிய தெரு மாஸ்க் தெரு எனப்படுகிறது. சீனர்கள் மிகுதியாக வாழ்ந்த சைனாடவுன் பகுதியில்தான் இவ்விரண்டும் உள்ளன.

அருகிலுள்ள தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் எழுந்தது. நாகப்பட்டினத்தை அடுத்த நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் இதைக் கட்டினர். அதே தெருவில் சீனர்களின் தியன் ஹொக் கெங் கோயில் 1842 இல் நிறைவுற்றது. கடல் கடந்து வந்தவர்கள் பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல இரண்டு இடங்களும் பயன்பட்டன. வாட்டர்லூ தெருவிலோ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் என்னும் சீனக் கருணைத் தெய்வத்தின் கோயிலும் அடுத்தடுத்து உள்ளன. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவது இன்றும் அன்றாடக் காட்சி. யூதர்களின் மகாயின் அபோத் தொழுகைக்கூடமும் அதே தெருவில்தான் இருக்கிறது.

இந்த அண்மை பகையைத் தடுக்க உதவியது என்று சொல்லலாம். எனினும் அது மட்டுமே போதுமானதாக இருக்கவில்லை என்பதை 1950 ஆம் ஆண்டு காட்டியது.

மரியா ஹெர்டோக் வழக்கும் 1950 கலவரமும்

மரியா ஹெர்டோக் 1937 இல் ஜாவாவில் டச்சுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றி அவருடைய தந்தையைச் சிறை வைத்தனர். அக்காலத்தில் அமீனா என்ற மலாய் முஸ்லிம் பெண்ணிடம் குழந்தை சென்று சேர்ந்தது. சிறிது காலம் பார்த்துக்கொள்ளவே கொடுத்ததாகப் பெற்ற தாய் கூறினார். தத்துக் கொடுக்கப்பட்டதாக அமீனா கூறினார். அமீனா அக்குழந்தைக்கு நாட்ரா என்று பெயரிட்டு, முஸ்லிமாக வளர்த்து, பின்னர் மலாயாவின் திரங்கானுவுக்கு அழைத்துச் சென்றார்.

போர் முடிந்ததும் பெற்றோர் மகளைத் தேடினர். வழக்கு 1950 இல் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், 13 வயதேயான அச்சிறுமிக்கும் மன்சூர் அடாபி என்ற இளம் ஆசிரியருக்கும் இஸ்லாமிய முறையில் திருமணம் நடந்தது. டிசம்பர் 2 ஆம் நாள் நீதிமன்றம் அத்திருமணம் செல்லாது என்றும் சிறுமியைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

அதுவரை ஒரு குடும்பத்தின் துயரமாக இருந்த வழக்கு, அடுத்த சில நாட்களில் இரு சமயங்களின் மோதலாக மாறியது. சிறுமி கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்றில் தங்க வைக்கப்பட்டார். மாதா சிலையின் அருகில் அவர் இருக்கும் படங்களை ஆங்கில நாளேடுகள் வெளியிட்டன. சிறுமி அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று ஒரு தரப்பு ஏடுகள் எழுதின. அழுகிறார் என்று மறு தரப்பு ஏடுகள் எழுதின. முஸ்லிம் சிறுமி ஒருத்தி கட்டாயமாக மதம் மாற்றப்படுகிறாள் என்ற எண்ணம் பரவியது. வளர்த்த தாயின் பாசத்தையோ தங்கள் சமய உணர்வையோ காலனி ஆட்சி மதிக்கவில்லை என்ற ஆத்திரம் முஸ்லிம்களிடையே மூண்டது.

டிசம்பர் 11 ஆம் நாள் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தபோது நீதிமன்றத்துக்கு வெளியே பெருங்கூட்டம் திரண்டது. அங்கே தொடங்கிய கலவரம் மூன்று நாட்கள் நீடித்தது. ஐரோப்பியரும் யுரேசியர்களும் தேடித் தேடித் தாக்கப்பட்டனர். வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள், தோற்றத்தைக் கொண்டே அடையாளம் காணப்பட்டனர். 18 பேர் உயிரிழந்தனர். 173 பேர் காயமடைந்தனர். மரியா நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அவர் 2009 இல் காலமானார்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பல்வேறு சமயத் தலைவர்களைக் கொண்ட சமயங்களுக்கு இடையிலான அமைப்பு, இக்கலவரத்துக்கு முந்தைய ஆண்டே, அதாவது 1949 இலேயே, தொடங்கப்பட்டுவிட்டது. இஸ்லாமிய அறிஞர் மௌலானா அப்துல் அலீம் சித்தீக்கியின் தூண்டுதலால் உருவான அவ்வமைப்பு உலகின் பழமையான பல்சமய அமைப்புகளுள் ஒன்று. தலைவர்கள் ஒரே மேடையில் அமர்ந்தது உண்மையே. ஆனால் அந்த நல்லுறவு தெருவில் இருந்த மனிதரிடம் அப்போது சென்று சேர்ந்திருக்கவில்லை.

1964: ஊர்வலத்தில் வெடித்த பகை

1963 இல் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தது. இணைந்த சில மாதங்களிலேயே சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சிக்கும் கோலாலம்பூரில் ஆட்சியிலிருந்த அம்னோ கட்சிக்கும் இடையே பூசல் முற்றியது. மலாய்க்காரர்கள் ஒடுக்கப்படுகிறார்கள் என்ற பரப்புரை ஒருபுறம், அதற்கான மறுப்பு மறுபுறம் என இன உணர்வு கூர்மையடைந்தது.

1964 ஜூலை 21 நபிகள் நாயகத்தின் பிறந்தநாள். பாடாங் திடலிலிருந்து கேலாங் நோக்கி 20,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் ஊர்வலமாகச் சென்றனர். வழியில் சிறு கைகலப்பாகத் தொடங்கியது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையிலான கலவரமாகப் பரவியது. முதலில் கைநீட்டியது யார் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஜூலைக் கலவரத்தில் 23 பேரும், செப்டம்பரில் மீண்டும் மூண்ட கலவரத்தில் 13 பேரும் உயிரிழந்தனர். ஊரடங்கு உத்தரவு நடப்பில் இருந்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் அடங்கிய நல்லெண்ணக் குழுக்கள் வட்டாரந்தோறும் அமைக்கப்பட்டன. அவை வதந்திகளை மறுத்து அக்கம்பக்கத்தாரை அமைதிப்படுத்தின.

இக்கலவரத்தின் வேர் அரசியலில் இருந்தது. ஆனால் அது வெடித்த இடம் சமய ஊர்வலம். அரசியல் பகைக்குச் சமயக் கூட்டம் எவ்வளவு எளிதாகக் களமாகிவிடும் என்பதைத் தலைவர்கள் மறக்கவில்லை. 1997 முதல் ஜூலை 21 பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மாணவர்கள் பிற இனத்தாரின் உடைகளை அணிந்து வருவது அந்நாளின் வழக்கம்.

அரசமைப்பும் குடியிருப்பும்

1965 ஆகஸ்ட் 9 ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடானது. அரசமைப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு, ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பின்பற்றவும் வழிபடவும் பரப்பவும் உரிமை அளிக்கிறது. அரசுக்கு எனச் சமயம் எதுவும் இல்லை. சட்டங்கள் எந்த இனத்தையாவது சமயத்தையாவது பாதிக்கின்றனவா என்று ஆராயச் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் அமைக்கப்பட்டது.

இவற்றை விட அன்றாட வாழ்வை மாற்றியது வீட்டுவசதித் திட்டம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில் மக்களில் பெரும்பாலோர் குடியேறினர். பழைய இனக் குடியிருப்புகள் மறைந்தன. ஆனால் மறுவிற்பனையின் மூலம் சில பேட்டைகளில் ஒரே இனத்தார் மீண்டும் சேரத் தொடங்கினர். இதைத் தடுக்க 1989 இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு பேட்டையிலும், ஒவ்வொரு கட்டடத்திலும் ஓர் இனத்தார் எவ்வளவு விழுக்காடு இருக்கலாம் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

இதன் பயனை மின்தூக்கியில் பார்க்கலாம். தீபாவளிக்கு முறுக்கு கொண்டு செல்லும் தமிழ்ப் பெண்ணும், நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் பகிரும் மலாய்ப் பெண்ணும், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுக்கும் சீன முதியவரும் ஒரே தளத்தில் வசிக்கிறார்கள். மரணச் சடங்குகளும் திருமண விருந்துகளும் ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் நடக்கின்றன. இன்னொரு சமயத்தாரின் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்கிறது.

சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம்

1980களில் வேறு வகையான உரசல்கள் தோன்றின. தீவிரமான மதமாற்றப் பரப்புரை, பிற சமயங்களை இழிவுபடுத்தும் துண்டறிக்கைகள், மேடைகளில் அரசியல் பேச்சு ஆகியவை பற்றி அரசு கவலை கொண்டது. 1989 இறுதியில் இது குறித்து வெள்ளை அறிக்கை ஒன்று வெளியிடப்பட்டது. அதைத் தொடர்ந்து 1990 இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 1992 இல் நடப்புக்கு வந்தது.

சமயங்களிடையே பகையைத் தூண்டும் வகையில் பேசுவோர் மீதும், சமயத்தின் மறைவில் அரசியல் நடத்துவோர் மீதும் அமைச்சர் தடை உத்தரவு பிறப்பிக்க இச்சட்டம் அதிகாரம் அளிக்கிறது. உத்தரவைச் சமயத் தலைவர்கள் இடம்பெறும் சமய நல்லிணக்கத்திற்கான அதிபர் மன்றம் பரிசீலிக்க வேண்டும். சட்டம் நடப்புக்கு வந்து பல ஆண்டுகள் கடந்தும் ஒருவர் மீதும் தடை உத்தரவு பிறப்பிக்கப்படவில்லை. எச்சரிக்கையும் மன்னிப்பும் அதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டன.

இணையத்தில் வெறுப்புப் பேச்சு நொடியில் பரவும் நிலை வந்ததால், 2019 இல் சட்டம் திருத்தப்பட்டது. தடை உத்தரவு உடனடியாக நடப்புக்கு வர வகை செய்யப்பட்டது. சமய அமைப்புகள் பெறும் வெளிநாட்டு நன்கொடைகளுக்கும் விதிகள் வந்தன. சிறு குற்றம் செய்தவர், தாம் புண்படுத்திய சமூகத்தாரைச் சந்தித்து உறவைச் சீர்செய்துகொள்ளவும் புதிய வழி ஏற்படுத்தப்பட்டது.

2001: உள்ளிருந்து வந்த அச்சுறுத்தல்

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின், டிசம்பரில் சிங்கப்பூர் அதிகாரிகள் ஜெமா இஸ்லாமியா என்ற தென்கிழக்காசியத் தீவிரவாத அமைப்பைச் சேர்ந்தோரைக் கைது செய்தனர். 13 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். 2002 ஆகஸ்டில் மேலும் 21 பேர் கைதாயினர். அமெரிக்க, இஸ்ரேலியத் தூதரகங்களையும் ஈசூன் எம்ஆர்டி நிலையப் பகுதியையும் தாக்க அவர்கள் திட்டமிட்டிருந்ததாக அரசு அறிவித்தது. அவர்கள் வறுமையில் வாடியவர்களோ கல்வியற்றவர்களோ அல்லர். வேலையும் குடும்பமும் வீவக வீடும் உள்ள சாதாரண மனிதர்கள்.

இச்செய்தி ஒரு கடினமான கேள்வியை எழுப்பியது. அடுத்த வீட்டு முஸ்லிமை இனி எப்படிப் பார்ப்பது என்று பிற சமயத்தார் தயங்கினால், நாற்பது ஆண்டு உழைப்பு வீணாகிவிடும். குண்டு வெடிக்காமலேயே தீவிரவாதிகளின் நோக்கம் நிறைவேறிவிடும்.

முஸ்லிம் சமயத் தலைவர்கள் முன்வந்து பொறுப்பேற்றனர். உஸ்தாஸ் அலி ஹாஜி முகமது, உஸ்தாஸ் முகமது ஹஸ்பி ஹசன் ஆகியோர் முன்னின்று 2003 இல் சமய மறுவாழ்வுக் குழுவைத் தொடங்கினர். இதில் சேர்ந்த சமய ஆசிரியர்கள் தொண்டூழியர்கள். காவலில் இருந்தோரைச் சந்தித்து, ஜிஹாத் போன்ற சொற்களுக்கு அவர்கள் கற்றிருந்த பொருள் எங்கே பிழையானது என்று குர்ஆனையும் மரபான விளக்கங்களையும் கொண்டே எடுத்துரைத்தனர். அரசு அதிகாரி சொல்லிக் கேட்காததை, தம் சமயத்தை ஆழக் கற்ற ஆசிரியர் சொல்லும்போது கேட்க வாய்ப்பு இருந்தது. தொடக்கத்தில் கைதிகளில் சிலர் இவர்களை அரசின் ஆட்கள் என்று ஐயுற்றனர். பொறுமையான உரையாடலால் அந்த ஐயம் பலரிடம் கரைந்தது.

காவலில் இருந்தோரின் குடும்பங்களையும் முஸ்லிம் தொண்டு அமைப்புகள் கவனித்துக்கொண்டன. பிள்ளைகளின் படிப்பு தடைப்படாமலும், மனைவியருக்கு வருமானம் கிடைக்கவும் உதவி செய்யப்பட்டது. தந்தையின் குற்றம் மகனிடம் கசப்பாகத் தங்கிவிடக்கூடாது என்பது இதன் நோக்கம். கைதானவர்களில் பெரும்பாலோர் பின்னர் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர்.

இதற்கு இணையாக, 2002 முதல் தொகுதிதோறும் நம்பிக்கைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சீக்கியர் குருத்துவாரா ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்திருக்க வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை. நெருக்கடி வந்தபின் அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது.

அண்மைக் காலச் சோதனைகள்

2017 இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் பணியாற்றிய, இந்தியாவிலிருந்து வந்த இமாம் ஒருவர், வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது யூதர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் எதிராக இறைவனின் உதவியை வேண்டும் வாசகத்தைச் சொன்னார். அதன் காணொளி பரவியது. அவர் பல்வேறு சமயத் தலைவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். யூதர்களின் தொழுகைக்கூடத்துக்கும் நேரில் சென்றார். அவர்கள் மன்னிப்பை ஏற்றனர். ஆயினும் நீதிமன்றம் 4,000 வெள்ளி அபராதம் விதித்தது; அவர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார். மன்னிப்பும் தண்டனையும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது என்பது இவ்வழக்கில் தெளிவானது.

2020 டிசம்பரில் 16 வயது மாணவர் ஒருவர் காவலில் வைக்கப்பட்டார். அவர் புராட்டஸ்டன்ட் கிறித்தவர். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15 அன்று இரு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனால் தூண்டப்பட்டு, அதே நாளில் சிங்கப்பூரில் இரு பள்ளிவாசல்களைத் தாக்க அவர் திட்டமிட்டிருந்தார். இணையமே அவருக்குப் பாடசாலையாக இருந்தது. தீவிரவாதம் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை இந்நிகழ்வு தகர்த்தது. 2001 இல் முஸ்லிம்களை நோக்கி நீண்ட நட்புக்கரத்தை, இம்முறை முஸ்லிம் தலைவர்கள் கிறித்தவர்களை நோக்கி நீட்டினர். ஒருவர் செயலுக்கு ஒரு சமூகத்தைப் பழிக்கக்கூடாது என்று அவர்கள் கூறினர்.

நல்லிணக்கத்தின் விலை

இந்த அமைதிக்குச் சமயங்கள் கொடுத்த விலையையும் குறிப்பிட வேண்டும். 1968 இல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசமும் நபிகள் பிறந்தநாளும் பட்டியலிலிருந்து நீங்கின. 1964 கலவரத்தின் விளைவாகச் சமய நடை ஊர்வலங்கள் தடைசெய்யப்பட்டன. இந்துக்களின் தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் காவடி ஊர்வலத்தில் இசைக்கு 1973 முதல் கட்டுப்பாடு இருந்தது. மேளமும் நாயனமும் இன்றிக் காவடி எடுப்பதைப் பக்தர்கள் பலர் பெருங்குறையாகக் கருதினர். 2011 முதல் இக்கட்டுப்பாடு சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டது. பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் 1970களில் உட்புறமாகத் திருப்பப்பட்டன. பாங்கு வானொலியில் ஒலிக்கிறது. துடோங் எனப்படும் தலைத்துணியை முஸ்லிம் தாதியர் பணியின்போது அணிய 2021 நவம்பரில்தான் அனுமதி கிடைத்தது. தேசிய சேவையை மறுத்ததால் யெகோவாவின் சாட்சிகள் அமைப்பு 1972 இல் பதிவு நீக்கப்பட்டது.

இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் சிறுபான்மையினர் சிலர் தம் வீட்டை விற்கச் சிரமப்படுகின்றனர். கட்டடத்தில் உச்சவரம்பை எட்டிவிட்ட இனத்தாருக்கு அவர்கள் விற்க முடியாததால் நல்ல விலை கிடைப்பதில்லை. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டமும் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 1987 இல் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் பணியாளர்கள் உட்பட 22 பேர், மார்க்சியச் சதியில் ஈடுபட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு இச்சட்டத்தின்கீழ்க் கைதாயினர். அவர்களில் பலர் அதை மறுத்தனர். அரசுக்கு அளவற்ற அதிகாரம் தரும் சட்டம், தீவிரவாதியை மட்டுமே தொடும் என்பதற்கு உறுதி இல்லை என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

மதிப்பீடு

சிங்கப்பூரின் முறையை அப்படியே எல்லா நாடுகளிலும் நடவு செய்ய இயலாது. சிறிய பரப்பு, வலுவான அரசு, பொது வீடுகளில் வாழும் மக்கள் ஆகியவை அதற்குரிய தனிச் சூழல்கள். எனினும் அதன் வரலாற்றில் பிற சமூகங்களும் எண்ணிப் பார்க்கத் தக்கவை உள்ளன.

1950 இல் ஒரு சிறுமியின் வழக்கும், 1964 இல் ஓர் அரசியல் பூசலும் சமயக் கலவரமாக மாறின. இரண்டிலும் வதந்தி வேகமாகப் பரவியது. அதை மறுக்கும் நம்பிக்கைக்குரிய குரல் தாமதமாகவே வந்தது. 2001 இலும் 2020 இலும் அத்தகைய குரல்கள் உடனே எழுந்தன. ஏனெனில் இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் ஒரே தளத்தில் வாழ்ந்திருந்தனர். சமயத் தலைவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். சட்டம் கலவரக்காரனின் கையைப் பிடித்து நிறுத்தும். அயலாரின் மீதுள்ள ஐயத்தைப் போக்க, பலகாரத் தட்டோடு கதவைத் தட்டும் பழக்கம் தேவைப்படுகிறது.

இசையின்றிக் காவடி எடுத்த பக்தரும், ஒலிபெருக்கியை உள்ளே திருப்பிய பள்ளிவாசலும் பிறருக்காக ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த விட்டுக்கொடுத்தல் எல்லாச் சமயத்தாரிடமும் சமமாகக் கேட்கப்படுகிறதா, காலம் மாறும்போது தளர்த்தப்படுகிறதா என்பதைப் பொறுத்தே இந்த நல்லிணக்கம் அடுத்த தலைமுறையிலும் நிலைக்கும்.